நாஷ்டா ஆச்சா, நஷ்டம் ஆச்சா: காதில் விழுவது ஏன் வேறாகிப் போகிறது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகைக்கடை போட்டார் ஒருவர். கடை திறந்த மறுநாள் காலையில் எதிர்க்கடைக்காரர் அன்பாக எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நேத்துதான கடையத் தொறந்தேன், அதுக்குள்ள நஷ்டமாச்சான்னு கேக்கீயளே!" நாஷ்டா என்றால் காலைச் சாப்பாடு என்று புரியவைத்து, இரண்டு பேரும் சேர்ந்து இட்லி சாப்பிட்ட பிறகுதான் சமாதானம் ஆனதாம்.

கதை நிஜமா என்று கேட்டால் ஆளுக்கொரு கடையைக் கைகாட்டுவார்கள், அதனால் அதை விட்டுவிடலாம். இதில் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கடைக்காரருக்கு நாஷ்டா என்ற சொல்லே தெரியாது. தெரியாத சொல் காதில் விழுந்தால் 'என்னமோ சொன்னார், புரியவில்லை' என்றுதானே ஆகியிருக்க வேண்டும்? ஆகவில்லை. நஷ்டம் என்று தெளிவாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் கேட்டது. கடன் வாங்கிக் கடை போட்ட மனுஷனுக்கு ராத்திரி முழுக்க மனதில் ஓடிய சொல் எதுவோ, அதுவே காலையில் காதிலும் விழுந்தது. காது தருவது எப்போதும் அரைகுறை, மீதியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது, நிரப்பினேன் என்று நம்மிடம் சொல்வதும் இல்லை. தப்பாகக் கேட்கும் விஷயம் மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

காது வேலை செய்யும் விதம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையில் மோதும், பின்னால் இருக்கும் மூன்று குட்டி எலும்புகள் அதை உள்ளே கடத்தும், சுருண்டு கிடக்கும் உள்காதில் உள்ள மயிர்ச்செல்கள் அதை மின் சமிக்ஞையாக்கி நரம்பு வழியே மூளைக்கு அனுப்பும். பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திவிடும். ஆனால் அந்த நரம்பில் க, ச, ட என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து எதுவும் போவதில்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம், எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்ற கணக்குதான் போகிறது. அதைச் சொல்லாக ஆக்குவது மூளை, அதற்கு அது கையில் எடுப்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களை, இந்த இடத்தில் இந்த ஆள் என்ன சொல்லக்கூடும் என்ற எதிர்பார்ப்பை.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர், பதிவு செய்த ஆங்கில வாக்கியம் ஒன்றில் ஒரு சொல்லின் நடுவே இருந்த ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரும் சொல் முழுசாகத்தான் இருந்தது என்றார்கள். யாரோ இருமியது கேட்டது, ஆனால் எந்த எழுத்தின் மேல் இருமினார் என்று சரியாகக் காட்ட முடியவில்லை. வெட்டிய இடத்தைச் சத்தமே இல்லாமல் விட்டபோதுதான் ஓட்டை தெரிந்தது. அதாவது இரைச்சல் இருந்தால், அதற்குப் பின்னால் எழுத்து ஒளிந்திருக்கும் என்று மூளை நம்பிவிடுகிறது.

இன்னொரு வகையிலும் இதைச் செய்து பார்த்தார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சொல்லின் முதல் ஒலியை மறைத்துவிட்டு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினால், முன்னால் கேட்ட சொல்லே மாறிப் போகிறது. தமிழில் இதைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்றே செய்து பார்க்கலாம், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிப்பதற்குப் பஞ்சமே இல்லை. சொல்லின் முதல் எழுத்து ஹாரனில் போய்விட்டது, '…ட்டை' மட்டும்தான் காதில் விழுகிறது என்று வையுங்கள். "…ட்டை, கிராம்பு, ஏலக்காய் வாங்கிட்டு வா" என்றால் உங்களுக்குக் கேட்டது பட்டை. "…ட்டை கிழிஞ்சிருக்கு, வேற மாத்திக்கோ" என்றால் சட்டை. "…ட்டைய எடுத்துட்டு வா, பந்து என்கிட்ட இருக்கு" என்றால் மட்டை. பின்னால் வந்த சொல்லை வைத்து முன்னால் வந்ததைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் முறையாக முன்னிருந்து பின்னாகக் கேட்டதாகவே உங்களுக்குத் தோன்றும்.

இது மூளையின் குறை என்று நினைக்க வேண்டாம். இந்த வேலை நடக்காவிட்டால் கொத்தவால்சாவடியிலும் எம்.சி. ரோட்டுத் துணிக்கடை வாசலிலும் ஒரு வாக்கியம்கூட நம்மால் முழுசாகக் கேட்க முடியாது. கூட்டத்தில் பத்துக் குரல்களுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் எப்படிப் பிடிக்கிறோம் என்பதை காலின் செர்ரி என்ற ஆங்கிலேயர் 1953-லேயே ஆராய்ந்திருக்கிறார். சரியாகக் கேட்க உதவுகிற அதே ஊகம் எப்போதாவது சறுக்கும்போதுதான் நமக்குச் சிரிக்க ஏதாவது கிடைக்கிறது.

அடுத்து, சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. எழுத்தில்தான் அது உண்டு, பேச்சில் கிடையாது. ஒலிப்பதிவை அலைக்கோடாகப் போட்டுப் பார்த்தால், மௌனம் பெரும்பாலும் சொல்லுக்கு நடுவில்தான் வரும். 'பட்டை' என்று சொல்லும்போது 'ட்'டில் நாக்கு அண்ணத்தில் ஒட்டி மூச்சு ஒரு நொடித்துண்டு அடைபடுகிறது, அங்கேதான் சத்தம் நிற்கிறது. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதும் ஊகம்தான். நம் இலக்கணக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரே சொல்லாகவும் நிற்கும், பிரித்தால் வேறு பொருளும் தரும் சொற்களை நன்னூல் பொதுமொழி என்கிறது: தாமரை என்றால் பூ, தா மரை என்று பிரித்தால் தாவுகிற மான். வேங்கை மரம், வேம் கை என்றால் வேகிற கை. காளமேகப் புலவர் இந்த ஓட்டையை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியவர் என்று சொன்னால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் அது உண்மைதான்.

புலவர் வேண்டுமென்றே செய்ததை செல்போன் தானாகச் செய்யும். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு விசேஷம், தண்ணீர் வந்து இறங்கியிருக்கிறது, எல்லாம் கேன், சின்ன பாட்டில் ஒன்றுகூட இல்லை. தாய்மாமாவுக்குப் போன் போட்டு மருமகன், "மாமா, பாட்டில் இல்ல, வரும்போது பார்த்துக்கினு வாங்க" என்கிறான். சிக்னல் விட்டு விட்டு வருகிறது. பாட்டில் இல்ல என்பதைச் சேர்த்துச் சொன்னால் 'பாட்டிலில்ல', பாட்டி இல்ல என்பதைச் சேர்த்துச் சொன்னால் 'பாட்டியில்ல', நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். மாமா லுங்கியை மாற்றிக்கொண்டு, வழியில் பெரிய ரோஜாமாலையாக ஒன்று வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடியே வந்து இறங்குகிறார். கதவைத் திறந்தது பாட்டி. "வாடா, யாருக்குடா மாலை?" மாமாவுக்கு வந்த கோபம் மருமகன் மேலா, போன் மேலா, உயிரோடு நின்ற பாட்டி மேலா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

வடசென்னைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, இங்கே பலர் பேச்சில் 'ழ' வராது, 'ய' வரும். வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடும், மழை 'மயை' ஆகிவிடும். புதிதாகக் குடிவந்த தஞ்சாவூர்ப் பெரியவரிடம் பக்கத்து வீட்டுப் பொடியன் வாழைப்பழச் சீப்பை நீட்டி, "தாத்தா, பயம் வோணுமா?" என்று கேட்டால், "இந்த வயசுல எனக்கு என்னடா பயம்?" என்றுதான் அவர் சொல்வார். உள்ளூர்க்காரர்களுக்குள் இந்தக் குழப்பம் வருவதே இல்லை. அவர்கள் மூளை அந்த 'ய'வைப் பார்த்துப் பார்த்துப் பழகி, எங்கே பழம், எங்கே நிஜமான பயம் என்று தானாகப் பிரித்துவிடுகிறது. இரண்டு ஊர்ப் பேச்சு உரசும் இடத்தில்தான் வேடிக்கை.

பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச்சில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் வழியாக வந்த நூடுல்ஸ் வகைக்கு அத்தோ என்று பெயர். முதல்முறை கூட்டிக்கொண்டு போன நண்பன் தள்ளுவண்டிக்காரரிடம் "அண்ணே, ரெண்டு அத்தோ!" என்று சொன்னதும் திரும்பிப் பார்த்து "எங்கடா?" என்று தேடியவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

சில நேரம் காதில் எந்தப் பிசகும் இருக்காது, இரண்டு சொல்லும் ஒரே மாதிரியே ஒலிக்கும். சிலிண்டர் கொண்டுவந்த பையன் கீழே நின்று மூன்றாவது மாடிக்குக் கேட்கிற மாதிரி, "யக்கா, உன் வூட்டுக்காரர் பேர்ல கேஸ் வந்துகீது, கையெழுத்துப் போடணும்!" என்று கத்தினால், அடுப்பெரிக்கிற கேஸா, போலீஸ் ஸ்டேஷன் கேஸா என்பதை அந்த அக்காவின் மூளைதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது அது.

சிரிப்பை விடுங்கள், காசு போகிற இடம் எண்கள். பேச்சுத் தமிழில் எண்பது 'எம்பது' ஆகிறது, ஐம்பது 'அம்பது', ஒன்பது 'ஒம்பது'. மூன்றிலும் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் அச்சாக ஒன்றேதான். முதல் எழுத்துதான் சட்டென்று தொலைகிற எழுத்தும்கூட, ஏனென்றால் பேசுகிறவர் வாயைத் திறந்த பிறகுதான் பாதி நேரம் நாம் கவனிக்கவே ஆரம்பிக்கிறோம். இருவது, அறுவது, எழுவது கதையும் இதேதான். ஐநூறு ரூபாய்க்கு மீன் வாங்க காசிமேட்டுக்குப் போய், கிலோ விலை அம்பது குறைந்ததா எம்பது குறைந்ததா என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வருவது ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. இதே சிக்கல் விமானிகளுக்கும் ரேடியோவில் வரும். அதனால்தான் சர்வதேச விமானப் பேச்சு முறையில் ஒன்பதை 'நைன்' என்று சொல்லாமல் 'நைனர்' என்று நீட்டுகிறார்கள், ஐந்தோடு அது குழம்பிவிடக் கூடாது என்று.

போனில் நிலைமை இன்னும் மோசமாவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும்தான் கடத்தும். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஸ, ஃப மாதிரி காற்று சீறுகிற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது, அது வெட்டுப்பட்டுவிடும். இப்போதைய இணைப்புகள் பல இதைவிட அகலமான ஒலியைக் கடத்துகின்றன, ஆனால் சிக்னல் தேய்ந்தால் அந்த வசதியும் போய்விடும். இனிஷியலைச் சொல்லும்போது "எஸ்ஸா எஃப்பா?" என்று எல்லோரும் கேட்பது இதனால்தான். "எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பாம்பே" என்று சொல்கிற பழைய ஆபீஸ் பெரியவர்கள் விவரமானவர்கள்.

ஊர்ப்பெயர்களும் போனில் மாட்டிக்கொள்ளும். கொருக்குப்பேட்டையும் குரோம்பேட்டையும் பாதி சிக்னலில் ஒன்றுதான். முன்னது கும்மிடிப்பூண்டி ரயிலில் வடக்கே, பின்னது தாம்பரம் ரயிலில் தெற்கே. பெண் பார்க்க வந்தவர்கள் எதிர்த்திசையில் போய் இறங்கி, வெயிலில் வியர்த்து, திரும்பி வந்து சேர்வதற்குள் பஜ்ஜி ஆறிவிடும். மண்ணடியும் மணலியும் அப்படித்தான். எண்ணூர் தனி ரகம். ஷேர் ஆட்டோக்காரர் "எண்ணூர், எண்ணூர்!" என்று கூவ, வெளியூர்க்காரர் எண்ணூறு ரூபாயா என்று பதறி, "இருநூறுக்கு வருவீங்களா?" என்று பேரம் பேசினால் டிரைவருக்கு அன்றைக்கு நல்ல நாள்.

இப்படி ஒருத்தர் இரண்டு பேர் தப்பாகக் கேட்டால் அது ஜோக். ஊரே கேட்டால்? 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடியேற்றி ஒரு பேட்டை அமைத்தார்கள், அவர் பெயரால் அது காலெட் பேட்டை. தமிழ்க் காதுக்கு காலெட் என்று ஒரு சொல் கிடையாது, காலடி என்று உண்டு. அவ்வளவுதான், காலடிப்பேட்டை ஆகிவிட்டது. யாருடைய காலடி என்று கேட்டால் அதற்கும் ஒரு கதையைக் கட்டிவிடுவார்கள், நம்மிடம் சாமிக்கா பஞ்சம்? 2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபோது இந்தப் பேட்டையில் வந்த நிலையத்துக்கும் காலடிப்பேட்டை என்றே பெயர் வைத்தார்கள். நாஷ்டாவை நஷ்டமாகக் கேட்ட அதே வேலைதான், தெரியாத ஒலியைத் தெரிந்த சொல்லுக்குள் திணிப்பது. பேசின் பிரிட்ஜைக் கடக்கும்போதெல்லாம் "எதுக்குடா இந்தப் பாலம் பேசின பாலம்?" என்று கேட்கிற குழந்தைகளும் இதையேதான் செய்கிறார்கள்.

பாட்டுகளில் இது நடந்தால் அதற்கு ஆங்கிலத்தில் தனிப் பெயரே இருக்கிறது, மாண்டகிரீன். அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட் 1954-ல் ஒரு கட்டுரையில் வைத்த பெயர். சின்ன வயதில் அம்மா படித்துக் காட்டிய கதைப்பாடலில், கொல்லப்பட்ட பிரபுவைப் புல்வெளியில் கிடத்தினார்கள் என்ற வரியை, அவரோடு 'லேடி மாண்டகிரீன்' என்ற சீமாட்டியையும் கொன்றுவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறார். தப்பாகக் கேட்டது மூலத்தைவிட நன்றாக இருக்கிறது என்பது அவர் வாதம். நம் சினிமாப் பாட்டு வரிகளை பஸ்ஸில் உரக்கப் பாடுகிறவர்களைக் கேட்டால் சில நேரம் நானும் ஒத்துக்கொள்வேன்.

காது தனியாக வேலை செய்வதில்லை, கண்ணும் கூட வருகிறது. 1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் காட்டியது இது: வீடியோவில் உதடு 'கா' என்று அசைய, சத்தமாக 'பா' வந்தால், பலருக்கு இரண்டும் இல்லாமல் 'டா' என்று கேட்கிறது. கொரோனா காலத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு மருந்துக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் இதன் மறுபக்கத்தை அனுபவித்தவர்கள்தான், உதடு தெரியாததால் பாதி காது போய்விட்டது.

வயதானவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. வயது ஏற ஏற முதலில் மங்குவது உச்ச அதிர்வெண் ஒலிகள், அதாவது ச, ஸ, த மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற பகுதி. அதனால்தான் ஆயா "சத்தம் கேக்குது, இன்னா சொல்றன்னுதான் புரியல" என்கிறார். நாம் உடனே கத்துகிறோம். கத்தும்போது உயிரெழுத்து நீண்டு பெரிதாகிறது, மெய்யெழுத்து அந்த அளவுக்கு ஏறுவதில்லை, அவருக்கு ஏற்கெனவே கேட்டதுதான் இன்னும் சத்தமாகக் கேட்கிறது, கேட்காதது கேட்காமலே இருக்கிறது. முகத்துக்கு எதிரே, வெளிச்சத்தில் நின்று, டிவியை நிறுத்திவிட்டு, நிதானமாகச் சொன்னால் போதும். அடிக்கடி இப்படி ஆனால் கேலி செய்துகொண்டு இருக்காமல் ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுவது நல்லது, சில நேரம் வெறும் காதுக் குறும்பியாகக்கூட இருக்கும்.

மற்றபடி தினசரிப் பேச்சுக்கு இரண்டு பழக்கம் உதவும். "என்ன?" என்று ஒருவர் கேட்டால் அதே வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லாமல் சொல்லை மாற்றிச் சொல்லுங்கள். அவர் மூளை முதல் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதே ஒலியைக் கொடுத்தால் அதே பதில்தான் வரும். பாட்டில் இல்ல என்பது போகவில்லையா, "தண்ணி குடிக்க சின்ன பாட்டிலு, கடையில விப்பான்ல, அது" என்று சொல்லுங்கள். கேட்பவராக இருந்தால் வெறும் "ஆங்?" போடாமல், கேட்ட பாதியைத் திருப்பிச் சொல்லி மீதியைக் கேளுங்கள்: "மாமா வர்றாரு சரி, எத்தினி மணிக்கு?"

எண்ணாக இருந்தால் ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. எம்பது என்று இழுக்காமல், "எட்டு சைபர்". இப்போது டீக்கடைகளில் எல்லாம் பணம் வந்ததும் சத்தமாகச் சொல்கிற பெட்டி வைத்திருக்கிறார்கள், அது எழுத்துத் தமிழில் எண்பது, ஐம்பது என்று பிசிறில்லாமல் சொல்லிவிடுவதால் பிரச்சினை பாதி தீர்ந்தது. பாய்லர் சீறுகிற நேரத்தில் பணம் அனுப்பினால்தான் மறுபடி மாஸ்டரும் கல்லாக்காரரும் ஒருவரையொருவர் பார்த்து, "அம்பதுன்னுச்சா, எம்பதுன்னுச்சா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.